தாய்ப்பால் கொடுக்கும்போது எந்தக் கருத்தடை? மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: முதல் குழந்தை பிறந்து 10 வாரம் ஆகிறது. சுகப்பிரசவம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன், மாதவிலக்கு இன்னும் வரவில்லை. "பால் கொடுக்கிறவரை ஒன்றும் ஆகாது" என்கிறார் மாமியார். "மாத்திரை போட்டால் பால் வற்றிவிடும்" என்கிறாள் தோழி. கல்யாணமான புதிதில் நான் சாப்பிட்ட கருத்தடை மாத்திரையில் இரண்டு அட்டை மீதம் இருக்கிறது. அதையே தொடரலாமா? அடுத்த குழந்தை இரண்டு மூன்று வருடம் கழித்துப் போதும் என்று நினைக்கிறோம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த அட்டைகளை இப்போது தொடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற பெயரும் அதோடு இன்னொரு மருந்தின் பெயரும் இருந்தால், அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கூட்டு மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். பிரசவத்துக்குப் பிறகான முதல் சில வாரங்களில் காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் ஆபத்து சாதாரண நாட்களைவிடப் பல மடங்கு அதிகம். ஈஸ்ட்ரோஜன் அதை இன்னும் கூட்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 வாரம் இந்த மாத்திரை கூடவே கூடாது, 6 மாதம் வரைக்கும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உங்கள் தோழி சொன்னது இந்த வகைக்குப் பொருந்தும். எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது.

இனி மாமியார் சொன்னது. அவர் அனுபவத்தில் சொல்கிறார், அதில் உண்மையும் இருக்கிறது. குழந்தை சப்பும் ஒவ்வொரு முறையும் தாயின் மூளைக்கு ஒரு செய்தி போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, கருமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்கள் அடங்கிப்போகின்றன. இதையே ஒரு கருத்தடை முறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: குழந்தைக்கு 6 மாதம் முடிந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு அநேகமாக எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால் பாதுகாப்பு 98 சதவீதத்துக்கும் மேல். ஒன்று தவறினாலும் அந்த எண்ணை நம்ப முடியாது.

'தாய்ப்பால் மட்டும்' என்றால் என்ன என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பகலில் இரண்டு பாலூட்டலுக்கு நடுவே 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குழந்தை இரவு முழுக்கத் தூங்க ஆரம்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இந்த முறையை மட்டும் நம்பியிருக்கும் தாய்க்கு, வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய நேரம் அதுதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "மாதவிலக்கு வரட்டும் டாக்டர், அப்புறம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் தாய்மார்களை நான் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவேன். கருமுட்டை வெளியேறி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வருகிறது. அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால் மாதவிலக்கு வராமலே அடுத்த கர்ப்பம் தொடங்கிவிடும். பால் கொடுப்பதால்தான் தள்ளிப்போகிறது என்று நினைத்துக்கொண்டே இருந்து, வயிறு தெரிந்த பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் இருக்கும் தவிப்பு எனக்குப் பழகவே இல்லை. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்களுக்கு இன்றைய நிலையில் மூன்று நிபந்தனைகளும் பொருந்துகின்றன. ஆகவே பதற வேண்டாம். ஆனால் இந்தக் காவல் எப்போது முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே 6-வது மாதம்வரை காத்திருக்காமல் இப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் கேட்கும் இடைவெளி இரண்டு மூன்று வருடம். என்னைக் கேட்டால், கருப்பைக்குள் வைக்கும் சிறு தாமிரச் சாதனமான காப்பர்-டி உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். அதில் ஹார்மோனே கிடையாது, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாமிரம் விந்தணுக்களைச் செயலிழக்க வைக்கிறது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் 4 வாரம் கழித்து. உங்களுக்கு 10 வாரம் ஆகிவிட்டதால், கர்ப்பம் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்ததும் எந்த நாளிலும் போடலாம். போட்ட முதல் வருடத்தில் கருத்தரிப்பவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சில வகைகள் 10 வருடம் வரை வேலை செய்யும், ஆனால் அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; எடுத்த மாதமே கூடக் கரு தங்கலாம். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு திரும்பியபின் முதல் சில மாதங்கள் ரத்தப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கும். உங்களுக்கு ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் கருப்பையின் சுவர் மென்மையாக இருப்பதால், போடும்போது அது துளைபடும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அப்படி நடப்பது அரிதுதான். இருந்தாலும் கைதேர்ந்தவரிடம் போட்டுக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து ஒருமுறை போய், காப்பர்-டியின் நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உள்ளே எதையும் வைக்கப் பயமாக இருந்தால் மாத்திரையே எடுக்கலாம், ஆனால் மினி பில் என்று சொல்லும், ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள வகை. அட்டையில் ஒரே ஒரு மருந்தின் பெயர்தான் இருக்கும்: டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் என்றோ, மிகக் குறைந்த அளவில் நார்எதிஸ்டிரோன் என்றோ. (மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கொடுக்கும் நார்எதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரை இதுவல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்த ஹார்மோன் பாலில் போவது மிகச் சிறிய அளவு. குழந்தையின் வளர்ச்சியையோ பால் சுரப்பையோ அது பாதிப்பதாகத் தெரியவில்லை.

இதில் நேரம்தான் முக்கியம். இடைவெளி நாள் கிடையாது, ஒரு அட்டை முடிந்த மறுநாளே அடுத்தது. நார்எதிஸ்டிரோன் உள்ள பழைய வகை மினி பில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தவறவிட்டதாகவே கணக்கு. டெசோஜெஸ்ட்ரலுக்கு 12 மணி நேர அவகாசம் உண்டு. தவறினால் நினைவு வந்ததும் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த 2 நாட்களுக்காவது ஆணுறையும் பயன்படுத்துங்கள். தூக்கமே இல்லாத இந்த மாதங்களில் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போட முடியுமா என்பதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் அது உங்கள் குறை இல்லை. உங்களுக்கு வேறு முறை தேவை என்பதுதான் அதன் பொருள்.

புரோஜெஸ்டின் உள்ள சிறு குச்சியைக் கையின் உட்புறத் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட், கிடைக்கும் இடங்களில், மறதிக்கு இடம் தராத நல்ல முறை. வகையைப் பொறுத்து 3 முதல் 5 வருடம் தாங்கும். திட்டுத்திட்டாக ரத்தம் படுவதுதான் பலர் சொல்லும் தொந்தரவு. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை, பால் கொடுப்பவர்கள் 6 வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை நிறுத்தினாலும் கரு தங்கத் தாமதமாகும், கடைசி ஊசியிலிருந்து கணக்கிட்டால் சராசரியாக 10 மாதம் வரை. ஒரு குறிப்பிட்ட காலத்தில் அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைக்கும் உங்களுக்கு அதை நான் முதலில் சொல்லமாட்டேன்.

மருத்துவரிடம் போனதும் "பால் கொடுக்கிறேன்" என்பதையும் குழந்தையின் வயதையும் முதலில் சொல்லுங்கள். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அவற்றில் சில, மாத்திரையின் பலனையும் இம்ப்ளான்ட்டின் பலனையும் குறைத்துவிடும். காப்பர்-டியை அவை பாதிப்பதில்லை.

கேள்வி: சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு 5 மாதம். வேலைக்குத் திரும்பிவிட்டேன். பாலைக் கறந்து வைத்துவிட்டுப் போகிறேன், ஆக அவனுக்குத் தாய்ப்பால்தான். போன வாரம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. இதை மாதவிலக்காக எடுத்துக்கொள்ள வேண்டுமா? சிசேரியன் ஆனவர்கள் காப்பர்-டி போடலாமா?
– வேலைக்குச் செல்லும் தாய்

பதில்: வேலைக்குப் போய்க்கொண்டே பாலைக் கறந்து வைத்துத் தாய்ப்பாலைத் தொடர்கிறீர்களே, அந்த உழைப்பு எனக்குத் தெரியும். குழந்தைக்கு அதன் பலன் முழுதும் கிடைக்கிறது. ஆனால் கருத்தடை என்ற வகையில் பார்த்தால், கறப்பதும் குழந்தை சப்புவதும் ஒன்றாகாது. நாள் முழுக்க வெளியே இருக்கும் தாய்க்குக் கருமுட்டையை அடக்கி வைக்கும் அந்தத் தூண்டல் குறைந்துவிடும்.

ரத்தம் பட்டதைப் பற்றி: பிரசவமான முதல் 8 வாரத்துக்குள் படுவதை இந்த விஷயத்தில் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் பட்டால், லேசாக இருந்தாலும் மாதவிலக்கு திரும்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே இன்றிலிருந்தே ஆணுறை, இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதற்கிடையே பாதுகாப்பில்லாமல் உறவு இருந்திருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

சிசேரியன் தழும்பு காப்பர்-டிக்குத் தடை இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல கருத்தடை இன்னும் அவசியம் என்றுகூடச் சொல்வேன். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் விட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருப்பையில் தையல் போட்டவர்கள் அவசரப்பட்டால், அடுத்த பிரசவத்தில் அந்தத் தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து கூடும்.

கேள்வி: 4 மாதக் குழந்தைக்குப் பாலோடு புட்டிப்பாலும் கொடுக்கிறேன். நேற்று ஆணுறை கிழிந்துவிட்டது. அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் எத்தனை நாள் பால் கொடுக்கக் கூடாது? பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் இருக்கிறது, கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. முதலில் மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்றால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதைப் படிக்கும் மற்றவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இதற்காகப் பாலை நிறுத்தவோ கறந்து கொட்டவோ தேவையில்லை. யுலிப்ரிஸ்டால் என்று இன்னொரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டால் ஒரு வாரம் பாலைக் கறந்து கொட்டச் சொல்வது வழக்கம், எனவே வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்குங்கள். 5 நாட்களுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் அது எந்த மாத்திரையையும்விட நம்பகமானது, பிறகும் தொடர்ந்து காக்கும். இந்த இதழ் உங்கள் கையில் வரும்போது அந்த நாட்கள் கடந்திருக்கும். ஆகவே உறவு நடந்த நாளிலிருந்து 3 வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வறட்சி, பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதால் வருவது. நோய் இல்லை, பாலூட்டல் குறையக் குறையச் சரியாகும். வறண்ட நிலையில் உராய்வு அதிகமாகி ஆணுறை கிழிவதும் எளிது. தண்ணீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள். எண்ணெய், வாசலின், குழந்தைக்குத் தடவும் லோஷன் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை லேடெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். எரிச்சலோடு அரிப்போ துர்நாற்றமோ இருந்தால் அது வேறு, நேரில் காட்ட வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு குழந்தைகள், போதும் என்று முடிவு செய்துவிட்டோம். இளையவளுக்கு 3 மாதம். மனைவி இரண்டு முறையும் மிகவும் கஷ்டப்பட்டுவிட்டாள், ஆபரேஷனையும் அவளே செய்துகொள்வதாகச் சொல்கிறாள். நான் செய்துகொண்டால் பலம் குறையும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தந்தை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்த நாள் எனக்கு நல்ல நாள். பலம் குறையாது, ஆண்மையும் குறையாது. ஆண்களுக்கான கருத்தடை அறுவையான வாசக்டமியில் விந்தணு வரும் இரண்டு குழாய்களை மட்டும் தடுக்கிறார்கள். ஆண் ஹார்மோன் எப்போதும்போல ரத்தத்தில் கலந்துகொண்டுதான் இருக்கும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அரை மணி நேரத்துக்குள் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்ணுக்குச் செய்வதில் வயிற்றைத் திறக்க வேண்டும், அது இதைவிடப் பெரிய அறுவை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் உங்கள் மனைவிக்கு எந்த மருந்தும் இல்லை, ஓய்வும் கெடாது.

இது நிரந்தரம் என்பதை இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் இப்போதைக்கு மனைவிக்குக் காப்பர்-டி போட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்துக்கூட முடிவெடுக்கலாம்.

ஆபரேஷன் ஆன உடனே பாதுகாப்பு வந்துவிடாது. ஏற்கெனவே குழாயில் இருக்கும் விந்தணுக்கள் வெளியேற ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதன்பின் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று எழுதித் தரும்வரை ஆணுறையை விடாதீர்கள். கனமான பொருட்களை ஒரு வாரம் தூக்க வேண்டாம். வீக்கம் பெரிதானாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.