மௌனமாக உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது

கேள்வி: எனக்கு வயது 54. ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறோம். என் கணவர் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) 26 வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். கடைசிக் காலத்தில் மூச்சு வாங்க முடியாமல் கஷ்டப்பட்டு, போன வருடம் காலமானார். வர வேண்டிய கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) நடையாய் நடக்கிறேன். "பார்க்கலாம்மா" என்கிறார்களே தவிர, கையில் ஒன்றும் வரவில்லை. அந்த முதலாளி குடும்பம் எங்கள் சபையில் முன் வரிசையில் உட்காரும். போதகரிடம் சொன்னேன். "மன்னித்து விட்டுவிடுங்கள், கசப்பு ஆகாது" என்றார். ஒரு தியான முகாமில் மௌன ஜெபம் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணை மூடினால் ஆண்டவர் வரவில்லை, அந்த ஆபீஸ் ரூம்தான் வருகிறது. வேதத்தைத் திறந்தாலும் ஒன்றும் ஒட்டவில்லை, எல்லாம் இருட்டு. வீட்டில் மருமகளிடம் எரிந்து விழுகிறேன். நான் செய்வது பாவமா? ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

கணவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்பது கசப்பு இல்லை, சகோதரி. யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறதாம், அறுத்த வேலைக்காரர்களின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவியில் பட்டதாம். கூலியே கத்துகிறபோது, கூலிக்காரரின் மனைவி மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்றால் அது என்ன நியாயம்? உங்கள் போதகர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் முன் வரிசையிடம் "கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வதைவிட, பின் வரிசையிடம் "விட்டுவிடுங்கள்" என்று சொல்வது எந்தக் காலத்திலும் சுலபம்.

இந்த விஷயத்தில் நான் தேடிப்போவது ஆமோஸ் தீர்க்கதரிசியிடம். கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்காரர். தெக்கோவாவில் மந்தை மேய்த்து, காட்டத்திப் பழம் பொறுக்கிப் பிழைத்தவர். "எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றுப்போட்டார்களே" என்று சீறுகிறார். தோலும் செருப்பும் செய்கிற ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உட்கார்ந்து இந்த வசனத்தை வாசிப்பவர்களுக்கு விளக்கவுரை வேண்டுமா என்ன! அவர் கோபப்படும் விதத்தைக் கவனியுங்கள். காலம் கெட்டுவிட்டது என்று பொதுவாகப் புலம்புவதில்லை. மரக்காலைக் குறைத்தார்கள், எடையைக் கூட்டினார்கள், தராசில் கள்ளம் செய்தார்கள், பதரைத் தானியமாக விற்றார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பெத்தேல் கோவில் ஆசாரியன் அமத்சியா அவரிடம், "உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள், இங்கே பேசாதே, இது ராஜாவின் கோவில்" என்று சொன்னான். உங்களுக்குக் கிடைத்த பதில் அவருக்கும் கிடைத்திருக்கிறது.

ஆகவே கோபம் வந்ததில் தப்பில்லை. அது போகிற விலாசம்தான் தப்பு. கொடுக்காதவர்களிடம் பணிவாகப் பேசுகிறீர்கள். ஆண்டவரிடம் மரியாதையாக ஸ்தோத்திரம் சொல்கிறீர்கள். கடைசியில் எல்லாம் சேர்ந்து, ஒன்றும் அறியாத மருமகள் தலையில் விழுகிறது.

முதல் விலாசம் ஆண்டவருடையது. எரேமியா தீர்க்கதரிசி, தன் புத்தகத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், ஆண்டவரைப் பார்த்தே, நீர் எனக்கு ஏமாற்றுகிற ஊற்றாக, நம்பமுடியாத தண்ணீராக இருப்பீரோ என்று கேட்கிறார். வருடத்தில் பெரும்பாலான நாள் பாலாற்றில் மணலை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இது எவ்வளவு கடுமையான பேச்சு என்று தெரியும். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை, திரும்பி வந்தால் உன்னை என் வாயாக வைத்துக்கொள்வேன் என்கிறார். யோனாவும் அப்படித்தான், சாகும்வரை எரிச்சலாயிருப்பேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அவரோடு ஆண்டவர் பேச்சை நிறுத்தவே இல்லை. அந்தப் புத்தகமே ஆண்டவர் கேட்கும் ஒரு கேள்வியோடுதான் முடிகிறது.

இப்படி ஜெபிப்பதில் சபைகளுக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. 1971-ல் கத்தோலிக்கர்கள் தங்கள் தினசரி ஜெபப் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது, சாப வார்த்தைகள் கடுமையாக இருக்கின்றன என்று 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் அதிலிருந்து எடுத்தேவிட்டார்கள். நம் சபைகளில் எடுக்கவில்லை, வாசிப்பதும் இல்லை. நீங்கள் வாசியுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் 109-ஐ வாய்விட்டுப் படியுங்கள். சொல்லவேண்டிய பெயரைச் சொல்லுங்கள். எவ்வளவு கிராஜுவிட்டி, எத்தனை வருடச் சம்பளம், எந்த நாள் யார் உங்களை வாசலில் நிற்கவைத்தார்கள், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் மௌனத்துக்கு உட்காருங்கள். ஆபீஸ் ரூம் கண்ணில் வருவதை நினைத்துப் பயப்படவேண்டாம். நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி இதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்: கோபம் குறிப்பாக ஜெப நேரத்தில்தான் மனதைப் பிடித்து, துக்கம் கொடுத்தவனின் முகத்தைக் கண்முன் நிறுத்தும். அதற்கு அவர் சொன்ன மருந்து சங்கீதம் பாடுவது, பொறுமை, இல்லாதவர்களுக்கு உதவுவது. கோபத்தை வெட்டி எறியச் சொல்லவில்லை. தீமையை எதிர்க்கத்தான் மனிதனுக்கு அது இருக்கிறது என்பது அவர் கருத்து.

அந்த அறை வரும்போது, அங்கே நீங்கள் பேசியிருக்கவேண்டிய வசனங்களை மனதுக்குள் ஒத்திகை பார்க்காதீர்கள். நம்மை எரிப்பது பெரும்பாலும் அந்த ஒத்திகைதான். நெஞ்சில் சூடு எங்கே ஏறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். அங்கே கையை வைத்து "ஆண்டவரே, பாரும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். திரும்ப வந்தால் திரும்பச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் அந்த ஆபீஸ் ரூமுக்குப் பின்னால் உங்கள் கணவரின் கை தெரியலாம். சுண்ணாம்பில் ஊறி, நுனி வெடித்து, சோறு பிசையும்போது எரியும் என்று ஸ்பூன் கேட்கிற விரல்களை நானும் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்போது அழுகை வந்தால் அழுங்கள். எரேமியாவும் தன் ஜனத்துக்காக, தன் கண்கள் கண்ணீர் ஊற்றாகக் கூடாதா என்று ஏங்கினவர்தான்.

இருட்டைப் பற்றிக் கேட்டீர்கள். 'இருண்ட இரவு' என்று எழுதிய ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவை யோவான் 1577 டிசம்பரிலிருந்து 1578 ஆகஸ்ட் வரை தொலேதோவில் சிறையில் கிடந்தார். அடைத்தது அந்நியர்கள் இல்லை, அவருடைய சொந்த கார்மேல் சபைத் துறவிகள். சபையைச் சீர்திருத்த முயன்றதுதான் குற்றம். சின்ன அறை, கசையடி. அங்கேதான் மனதுக்குள் கவிதைகளைக் கட்டினார். ஜெபத்தில் ருசி போய்விட்டது என்பதை வைத்து ஆண்டவர் போய்விட்டார் என்று முடிவு கட்டக்கூடாது என்பதை அவர் விரிவாகச் சொல்கிறார். ருசி இல்லையே என்று நீங்கள் கவலைப்படுவதே, மனம் இன்னும் அவரைத் தேடுகிறது என்பதற்கு அடையாளம்.

ஆனால் சிலுவை யோவானே இதற்கும் வெறும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் பார்க்கச் சொன்னவர். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறீர்களா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் சாப்பிடவைத்தான். தூக்கம் கெட்டு, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்ற ஆரம்பித்திருந்தால், வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையத்துக்குத் தயங்காமல் போய்வாருங்கள். போனால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவது விலாசம் கொடுக்கவேண்டியவர்களுடையது. தியானம் பண்ணுகிறவர்கள் இதிலெல்லாம் இறங்கக்கூடாது என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். நம் வட ஆற்காட்டிலேயே, திருப்பத்தூரில், 1921-ல் ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இருவரும் கதர் கட்டிக்கொண்டு, சமமாக ஒரே இடத்தில் வாழ்ந்து, ஜெபித்து, நோயாளிகளைப் பார்த்தார்கள். டேனரிக் கழிவுநீரால் கெட்ட நம் பாலாற்றுக்காகவும் மக்கள் புலம்பியதோடு நிற்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனதால்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற தீர்ப்பு 1996 ஆகஸ்டில் வந்தது.

மன்னிப்பு? அது வரும்போது வரட்டும். மன்னிப்பதென்றால் அவர்களுக்குக் கேடு நினைக்காமல் இருப்பது, கணக்கைத் தள்ளுபடி பண்ணுவது இல்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு மன்னிப்புப் பெற்ற அதே நாளில், அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். முன் வரிசையில் இருப்பவர்களுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கட்டுமே.

இனி ஆகவேண்டிய காரியம். கிராஜுவிட்டி தர்மப் பணம் இல்லை, சட்டப்படி வருவது. பொதுவாக, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்கு. தொழிலாளி இறந்துபோனால் நாமினிக்கோ வாரிசுக்கோ சேரும். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, எழுத்தில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்கவேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் பண்ணலாம், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேட்கலாம். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள்.

மருமகளிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்று பவுல் சொன்னது இந்த மாதிரிக் கோபத்துக்குத்தான் நன்றாகப் பொருந்தும். "உன்மேல் கோபம் இல்லைம்மா, மாமாவுக்கு நடந்ததில்தான் கோபம்" என்று சொன்னால் அவளுக்குப் புரியும். அப்படியே அந்த ஃபைலை அடுக்கவும், மனு எழுதவும் அவளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிற அன்றைக்கு அவளும் கூட வரட்டும்.