தனியாக மீன் பிடிக்க எந்த கயாக் வாங்கலாம்?

கடலூர் உப்பனாற்றில் தனியாகத் தூண்டில் போட எந்த கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) சரி என்று கேட்பவர்களுக்கு: மேலே உட்காரும் வகையை வாங்குங்கள். காற்று அடைபட்ட ஒரே பிளாஸ்டிக் கூடு, அதன் முதுகில் இருக்கை, தளத்திலிருந்து அடிப்பக்கம் வரை ஊடுருவிப் போகும் சில ஓட்டைகள், அவ்வளவுதான். தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் தெறித்த தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கிவிடும். நம்ம கட்டுமரம் மாதிரிதான், அலை ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், மரம் மிதந்துகொண்டே இருக்கும்.

அகலம் 80 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் மீன் இழுக்கும்போது ஆட்டம் குறைவு. நீளம் 3 மீட்டர் சொச்சம் போதும். அப்புறம், நங்கூரக் கயிற்றை முன் முனையிலோ பின் முனையிலோதான் கட்ட வேண்டும், பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் வேகமாக இருக்கும்போது கவிழ்த்துவிடும், தயவுசெய்து இதை மறக்காதீர்கள். கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போகாதீர்கள், ஓட்டம் கடலுக்கு இழுக்கும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கூட்டுக்குள் தண்ணீர் புகாதவரை மூழ்காது, காலடியில் தண்ணீர் தேங்கியே நின்றால் பெரும்பாலும் சுமை அதிகம் என்றுதான் அர்த்தம்.