எஃப் கார்டு வராததற்கு விரல்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று வாரங்களுக்கு முன் இரும்புத் தந்தி போட்ட கிட்டார் ஒன்றை வாங்கி, காணொளிகளைப் பார்த்துக் கற்று வருகிறேன். விரல் நுனிகள் எரிகின்றன. நான்கைந்து கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) தெரியும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் பாட்டு நின்றுவிடுகிறது. எஃப் கார்டு அறவே வரவில்லை. என் விரல்கள் குட்டையானவை. இந்த வயதில் எனக்கு இது சரிப்பட்டு வருமா?

பதில்: விரலை அப்புறம் பார்க்கலாம். முதலில் கிட்டாரைப் பார்ப்போம்.

எஃப் கார்டில் ஆள்காட்டி விரலால் முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஆறு தந்திகளையும் படுக்கையாக அழுத்துகிறீர்கள், இல்லையா? அதே பிடியை அப்படியே ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தி மீட்டிப் பாருங்கள். அங்கே அது ஏ மேஜர். அங்கே ஓரளவு தெளிவாக ஒலித்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் செத்த ஒலி வருகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் விரல் அல்ல, நட். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பள்ளங்களில் அமர்ந்து வருகிற சிறிய பட்டைதான் நட். கொடிக்கயிற்றை நடுவில் அமுக்குவது எளிது, முடிச்சுக்குப் பக்கத்தில் அமுக்குவது கடினம். அதனால் நல்ல கிட்டாரிலும் முதல் ஃப்ரெட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நட்டின் பள்ளங்கள் ஆழமில்லாமல் தந்தி தூக்கி நின்றால் கேட்கவே வேண்டாம். விலை குறைந்த புதுக் கிட்டார்களில் இந்தக் குறை மிகச் சாதாரணம்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு தந்தியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள வெளிச்சத்தைப் பாருங்கள். மயிரிழை அளவுதான் தெரிய வேண்டும். அடுத்து, எதையும் அழுத்தாமல், 12ஆவது ஃப்ரெட்டின் மேற்புறத்திலிருந்து ஆறாவது தந்தியின் (எல்லாவற்றிலும் தடித்தது) அடிப்பக்கம் வரை அளவுகோலால் அளந்து பாருங்கள். இரும்புத் தந்திக் கிட்டாரில் இது ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இருக்கலாம். முதல் தந்தியில் (எல்லாவற்றிலும் மெல்லியது) 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. மூன்றரை, நான்கு என்று வந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் ‘செட்டப்’ செய்து, அதாவது தந்தி உயரத்தைச் சரிசெய்து, தரச் சொல்லுங்கள். நீங்களே அரத்தை எடுத்து நட்டை அராவ வேண்டாம். ஓரிழை கூடுதலாக இறங்கினால் அந்தத் தந்தி எதையும் அழுத்தாதபோதே இரையத் தொடங்கும். என் முதல் கிட்டாரோடு ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். நட்டைச் சரிசெய்து வாங்கி வந்த அன்று மாலையே எஃப் வந்தது. அந்த ஆறு மாதங்களை நினைத்தால் இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தந்தியையும் மாற்றலாம். முதல் தந்தி 0.012 அங்குலம் உள்ள செட் போட்டிருந்தால் 0.010 செட் போடச் சொல்லுங்கள். ஒலியின் கனம் சற்றுக் குறையும், விரலுக்கு இதமாக இருக்கும். நைலான் தந்தி இன்னும் மென்மையானது. ஆனால் அது வேறு வகைக் கிட்டாருக்கு உரியது. நைலான் தந்திக்காகச் செய்த கிட்டாரில் மட்டும் இரும்புத் தந்தி போட்டுவிடாதீர்கள். அந்த இழுவையில், கிட்டாரின் உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

இனி விரலுக்கு வருகிறேன். மூன்றாவது தந்தியை ஐந்தாவது ஃப்ரெட்டில் வெறுமனே தொட்டுக்கொண்டு வலது கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ‘டொக்’ என்று மொட்டையாக ஒலிக்கும். அழுத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். இரைச்சல் வரும், பிறகு சட்டென்று சுரம் தெளியும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். தேவையான அழுத்தம் அவ்வளவுதான். இப்போது விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் வைத்து இதையே செய்தால் இன்னும் குறைவாக அழுத்தினாலே போதும் என்பது தெரியும். புதிதாகக் கற்பவர்கள் தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்துகிறார்கள். எரிச்சலில் பாதி அதனால் வருவது. மீதிப் பாதி, நுனித்தோல் தடிப்பேறும்போது சில வாரங்களில் தானாக அடங்கும். குளித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் புண்ணாகும். நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள்.

பாட்டு நின்றுபோவதற்குக் காரணம் வேறு. நீங்கள் கார்டுகளைப் பழகியிருக்கிறீர்கள், மாற்றத்தைப் பழகவில்லை. சி மேஜரைப் பிடித்து உங்கள் கையைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல் இரண்டாவது தந்தியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் நான்காவது தந்தியில் இரண்டாவது ஃப்ரெட், மோதிர விரல் ஐந்தாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட். ஏ மைனருக்குப் போக மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாவது தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் வைத்தால் போதும். மற்ற இரண்டும் அசையவே வேண்டாம். ஆனால் பெரும்பாலோர் மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு, காற்றில் ஒரு கணம் தடுமாறி, மறுபடி இறங்குகிறார்கள். இ மேஜரிலிருந்து ஏ மைனருக்கும் அப்படித்தான்: வடிவம் அதேதான், ஒரு தந்தி தள்ளி வைக்கிறீர்கள். எந்த இரண்டு கார்டுகளுக்கு இடையிலும் முதலில் இதைத் தேடுங்கள்: எந்த விரல் இருந்த இடத்திலேயே இருக்கலாம்? எது தந்தியிலேயே வழுக்கிப் போகலாம்?

பிறகு ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, இரண்டே கார்டுகளுக்கு இடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். முப்பதைத் தாண்டிவிட்டால் மெதுவான பாட்டு ஓடும். பாட்டு வாசிக்கும்போது சட்டம் வேறு: வலது கை நிற்கவே கூடாது. இடது கை வந்து சேராவிட்டால் வெறும் தந்திகளையே மீட்டிவிட்டுப் போங்கள். ஒரு சுரம் பிசகினால் கேட்பவர் மன்னிப்பார். தாளம் அறுந்தால் பாட்டே போய்விடும். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மற்ற ஆறு நாள் தொடாமல் இருப்பதில் பயனில்லை.

விரல் குட்டை என்கிறீர்கள். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் சிக்கி, இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக இயங்காமல் போனார். தனி வாசிப்புகளைப் பெரும்பாலும் மீதி இரண்டு விரல்களாலேயே வாசித்து ஜாஸ் கிட்டாரின் பெரிய பெயர்களில் ஒன்றானார். உங்களுக்கு நான்கும் இருக்கின்றன. 41 வயதும் ஒரு தடையல்ல.

செட்டப் முடியும் வரை எஃப் வரும் இடங்களில் எஃப் மேஜர் செவன் வாசியுங்கள்: நான்காவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட், மூன்றாவதில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று, முதல் தந்தி சும்மா. ஐந்தையும் ஆறையும் மீட்ட வேண்டாம். பல பாட்டுகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது; சிலவற்றில் அசல் எஃப்பைவிட இது அழகாகவே இருக்கும்.