ஆண் கருத்தடை: மூட்டை தூக்கப் பலம் இருக்குமா?

தம்பி, இரண்டு சிசேரியன் முடிந்த மனைவிக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் "மூட்டை தூக்குகிறவனுக்குப் பலம் போய்விடும்" என்று அம்மா பயப்படுவதில் உண்மையில்லை. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஹார்மோன் ரத்தத்தில் வழக்கம்போலக் கலக்கும். ஆசை குறையாது, விந்தும் வரும்; அதில் விந்தணு மட்டும் இருக்காது.

தழும்பில்லா முறையில் பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது, அன்றே வீடு. இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான ஜட்டி, துணியில் சுற்றிய ஐஸ். லேசாக வீங்கி நீலம் பாரித்தால் பதறாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் பெருத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். மேஸ்திரி திட்டினாலும் சரி, ஒரு வாரம் மூட்டையைத் தொடாதீர்கள்.

பலர் கோட்டை விடுவது இதில்தான்: ஏற்கெனவே குழாயில் தங்கியிருக்கும் மிச்ச விந்தணுக்கள் தீர 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை, அப்புறம் விந்துப் பரிசோதனை. மூன்றாவது பிள்ளை ஆசை ஓரத்தில் இருந்தால் இந்த ஆபரேஷன் இப்போது வேண்டாம். அடைத்த குழாயைத் திரும்ப இணைப்பது எல்லோருக்கும் பலிப்பதில்லை.