செப்புத் தகட்டில் ரோமாபுரியின் இடிபாடுகள்

கேள்வி: பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சோவியங்களில் ரோம் நகரத்துப் பழங்கட்டடங்கள் இடிந்து, புதர் மண்டி, வளைவுகளின் மேல் செடிகொடிகள் தொங்கக் காணப்படுகின்றன. அவை ஓவியர்களின் கற்பனையா, நேரில் கண்டு வரைந்தவையா?
— வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் கண்டதுதான். ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியரும் பதிப்பாளருமான ஹியரோனிமஸ் காக் என்பவர் 1551-இல் ரோமின் இடிபாடுகளைப் பற்றி 25 தகடுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதில் கொலோசியம் என்னும் பழைய வட்டரங்கம் பல கோணங்களில் இடம்பெறுகிறது. உடைந்த வளைவுகளின் விளிம்பில் புல் முளைத்திருக்கிறது. கீழே விரல் நகமளவு மனிதர்கள் நடமாடுகிறார்கள். அந்தச் செடிகளை அழகுக்காகச் சேர்த்தவை என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் 1855-இல் ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் கொலோசியத்தில் வளர்ந்திருந்த தாவரங்களைப் பட்டியலிட்டபோது அவை 420 வகைகளாக இருந்தன என்பதை அறிந்த பின், காக்கின் ஊசியை நம்பத் தொடங்கினேன்.

ஊசி என்பது உவமையன்று. செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறிப் படம் வரைந்து, தகட்டை அமிலத்தில் இட்டால், மெழுகு நீங்கிய கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளை அழுத்தி எடுப்பார்கள். உளியால் செம்பைச் செதுக்குவதைவிட மெழுகில் கை தடையின்றி ஓடும் என்பதால், உதிர்ந்த செங்கல்லின் ஒழுங்கற்ற விளிம்புக்கும் கொடியின் நெளிவுக்கும் இம்முறையே மிகப் பொருந்தியது. ஒன்றை மறக்கக் கூடாது: தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறிப் பதியும். ஆகவே ஓவியர் முன்கூட்டியே திருப்பி வரைந்தாலன்றி, படத்தைக்கொண்டு இடத்தின் திசையை உறுதி செய்ய இயலாது.

கேள்வி: அப்படியானால் இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?
— அதே வாசகி

பதில்: எச்சரிக்கையோடு கொள்ளலாம், சிலவற்றுக்கு வேறு வழியும் இல்லை. ரோமிலுள்ள பாலட்டைன் குன்றின் அடிவாரத்தில் ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் கி.பி. 203-இல் எழுப்பிய செப்டிசோடியம் என்னும் தூண்முகப்பின் ஒரு மூலை, அடுக்கடுக்கான தூண்களோடு காக்கின் காலத்தில் நின்றுகொண்டிருந்தது. அதனை அவர் தகட்டில் ஏற்றினார். 1588-89-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸின் ஆணைப்படி, கற்களை வேறு பணிகளுக்குப் பயன்படுத்துவதற்காக அது இடிக்கப்பட்டது. அந்தத் தூண்களை இன்று நாம் காண்பது காக்கும் அவர் காலத்து ஓவியர்களும் வரைந்த தாள்களில்தான்.

இப்படங்கள் ஓவியர்களிடையேயும் பயணித்தன. வெனிஸ் நகரில் பத்திஸ்தா பித்தோனி என்ற ஓவியர் 1561-இல் காக்கின் படங்களைப் பார்த்துத் தாமும் ஒரு தொகுப்பு வெளியிட்டார். வட இத்தாலியில் மசேர் என்ற ஊரிலுள்ள பார்பரோ மாளிகைச் சுவர்களில் ஓவியர் வெரோனேசே தீட்டிய நிலக்காட்சிகளில் அதே இடிபாடுகள் வண்ணத்தில் நிற்கின்றன.