சிடி-யின் எந்தப் பக்கம் பலவீனம்?

கேள்வி: கல்யாணப் படங்கள் பதிந்த சிடி-ஆர் (நாமே பதிவு செய்யும் சிடி), பாதியில் நின்றுவிடுகிறது. அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லையே?

பதில்: மேல்பக்கத்தைப் பாருங்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் தெரியக்கூடும். தகவல் இருப்பது அங்கேதான். 1.2 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய எல்லாமே பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதை உருக்கி அச்சில் வார்க்கும்போதே 1.6 மைக்ரான் இடைவெளியில் சுருள் பள்ளம் விழுந்துவிடும். பிறகு தட்டைச் சுழலவிட்டு, சாயக் கரைசலை ஊற்றிப் பரப்புவார்கள். அடியில் தெரியும் பச்சை, நீலச் சாயல் அதனுடையதுதான். காய்ந்ததும் வெற்றிட அறையில் வெள்ளிப் பூச்சு; அதன்மேல் புற ஊதா ஒளியில் இறுகும் மெல்லிய அரக்கு. காவல் அவ்வளவே! பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே வெள்ளி நசுங்கும். ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் கேட்கவே வேண்டாம், வெள்ளியும் கூடவே வரும்.

அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். வெள்ளி உரிந்தால் வழியில்லை. சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதப்படுவது. பாதிவரை ஓடுகிறதென்றால் அந்தப் படங்களை இன்றே குறைந்த வேகத்தில் நகலெடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், சாயம் வெளுக்கும். டிவிடி-ஆரில் இந்தத் தொல்லை குறைவு: இரண்டு 0.6 மி.மீ. தட்டுகளுக்கு நடுவே சாயம் பத்திரமாக இருக்கிறது.