வாம்ப்ளட் குதிரைப் பதிவு ஆய்வு: நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்

வாம்ப்ளட், அதாவது விளையாட்டுக்காக வளர்க்கும் ஐரோப்பியக் குதிரை இனங்களை, பதிவேட்டில் சேர்க்கும் முன் நடுவர்கள் நேரில் பார்த்து மதிப்பெண் போடும் ஆய்வு சீசன் வந்துவிட்டது, உங்கள் கேள்விகளும் குவிந்துவிட்டன. வட ஜெர்மனியில் ஃபெர்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். ஹனோவேரியன் என்ற வாம்ப்ளட் இனத்தின் பதிவுச் சங்கம் இந்த ஊரில்தான் இருக்கிறது, அதனால் என் பதில்களும் பெரும்பாலும் ஹனோவேரியன் வழக்கத்தை ஒட்டியே இருக்கும். ஓல்டன்பர்க், டிராகேனர் போன்ற வேறு வாம்ப்ளட் இனக் குதிரை வைத்திருப்பவர்கள் விதிமுறைகளை மட்டும் உங்கள் சங்கத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குதிரையைப் பழக்குவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

அக்கா, என் குதிரையின் அப்பா, அம்மா இரண்டுமே பதிவான குதிரைகள். பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம் எதற்கு நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்?

நல்ல கேள்வி. கிண்டி ரேஸில் ஓடுகிற தரோபிரெட் குதிரைக்குப் பெற்றோர் யார் என்று நிரூபித்தால் போதும், பதிவாகிவிடும். அது நன்றாக ஓடுகிறதா என்பதை ரேஸ் பார்த்துக்கொள்ளும். வாம்ப்ளட் கதை வேறு. 1735-ல் ஹனோவரை ஆண்ட இரண்டாம் ஜார்ஜ் மன்னர் செல்லே ஊரில் அரசுப் பொலிகுதிரை (இனவிருத்திக்கான ஆண்குதிரை) நிலையம் தொடங்கியதிலிருந்தே இங்கே தேவைக்கேற்ற குதிரையைத் தேர்ந்தெடுத்து உருவாக்குவதுதான் வழக்கம். ஏர் இழுக்க, வண்டி இழுக்க, படைக்கு, இப்போது விளையாட்டுக்கு. ஹனோவேரியன் பதிவேடு 1888-ல் வந்தது. வெளியிலிருந்து தரோபிரெட், டிராகேனர் ரத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கதவு திறந்திருப்பதால், உள்ளே வருவதைக் கண்ணால் பார்த்துத்தான் விட முடியும். அந்தப் பார்வைதான் ஆய்வு. பொலிகுதிரைகளுக்கு மட்டுமல்ல, இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் பெண்குதிரைக்கும் அது உண்டு.

எதற்கெல்லாம் மதிப்பெண் போடுவார்கள்? 7 வாங்கினால் பாஸா?

தலை, கழுத்து, சேணம் அமரும் இடம், முன்னங்கால், பின்னங்கால், இனத்துக்கு உரிய களை, கால் நேராகப் போகிறதா, ட்ராட்டில் (துள்ளு ஓட்டத்தில்) துள்ளலும் நெகிழ்வும், வாக் (நடை), மொத்தத் தோற்றமும் வளர்ச்சியும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. நம் ஊர்ப் பரீட்சை மாதிரி நினைத்துக்கொண்டு 7 என்றதும் முகம் வாடிப் போகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். இங்கே 5 என்றால் போதுமானது, 6 திருப்தி, 7 ஓரளவு நன்று, 8 நன்று. 9 கிடைத்தால் அன்று வீட்டில் பாயசம் வைக்கலாம்.

எத்தனை வாரம் முன்னால் பழக்க ஆரம்பிக்க வேண்டும்?

குறைந்தது ஆறு வாரம். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும்.

முதலில் நிற்கப் பழக்குங்கள். நீங்கள் குதிரைக்கு முன்னால், அதன் முகத்தைப் பார்த்து, வாரை இரு கையிலும் பிரித்துப் பிடித்து நிற்பீர்கள். நடுவர் பக்கம் இருக்கிற முன்னங்கால் சற்று முன்னால், அதே பக்கத்துப் பின்னங்கால் சற்றுப் பின்னால். அப்படி நின்றால்தான் மறுபக்கத்துக் கால்களும் இடைவெளியில் தெரியும், நான்கையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். ஒரு காலை மட்டும் சரி செய்ய, குதிரையை ஒரு அடி பின்னுக்கோ முன்னுக்கோ நகர்த்தத் தெரிய வேண்டும். இது ஒரு நாளில் வராது. தரை சமமாக இருக்கிறதா பாருங்கள். முன்னங்கால் பள்ளத்தில் இருந்தால் எவ்வளவு நல்ல குதிரையும் மூக்கால் கவிழ்கிற மாதிரிதான் தெரியும்.

அடுத்தது முக்கோணப் பாதையில் ஓடிக் காட்டுவது. நடுவர்கள் ஒரு முனையில் நிற்பார்கள். நீங்கள் அங்கிருந்து கிளம்பிப் போகும்போது குதிரையைப் பின்னாலிருந்து பார்ப்பார்கள், குறுக்கே போகும்போது பக்கவாட்டில், திரும்பி வரும்போது முன்னாலிருந்து. எப்போதும் வலப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். நீங்கள் குதிரையின் இடப்பக்கம் ஓடுவதால், வலமாகச் சுற்றினால் குறுக்குப் பாதையில் குதிரைக்கு அந்தப்பக்கம் போய்விடுவீர்கள், நடுவரின் கண்ணை மறைக்க மாட்டீர்கள். மூலையில் வேகத்தைக் குறைத்து, திரும்பி, நேராக நிமிர்ந்த பிறகுதான் மறுபடி வேகம். மூலையிலேயே இழுத்தால் கால் தடுமாறும்.

இப்போது வாக். மதிப்பெண் அதிகம் பறிபோகிற இடம் இதுதான், அதுவும் குதிரையின் குற்றமே இல்லாமல். நான் முதல்முறை ஒரு மூன்று வயதுப் பெண்குதிரையைப் பிடித்துக்கொண்டு போனபோது, எங்கே ஓடிவிடுமோ என்று வாரை மோவாய்க்குக் கீழே இறுகப் பிடித்திருந்தேன். பண்ணையில் தளர்வாக, பூனை மாதிரி நடக்கிற குதிரை அது. அன்று தலையைத் தூக்கிக்கொண்டு, ஒட்டகம் மாதிரி ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்துச் சேர்த்து வைத்து நடந்தது. வாக்குக்கு 5 போட்டார்கள். அதன் நிஜ நடை எனக்குத் தெரியும் என்பதால் அந்த 5 இன்றும் வலிக்கிறது.

அதனால் இதைச் செய்து பாருங்கள். மணல் தரையை வாரியால் சீவிவிட்டு, வாரைத் தளர்த்தி, குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நடந்து அதன்மேல் கூட்டிப்போங்கள். பிறகு திரும்பிவந்து குனிந்து தடத்தைப் பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும். ஒரு குளம்பு அகலம் தாண்டினால் நல்லது, இரண்டு தாண்டினால் மிக நல்லது. அடுத்து வாரை இறுக்கிப் பிடித்து அதே தூரம் நடத்திப் பாருங்கள். தடம் சுருங்கியிருக்கும். உங்கள் கை என்ன செய்கிறது என்று வாயால் நூறு முறை சொல்வதைவிட மணல் ஒரே முறையில் காட்டிவிடும்.

குட்டி கூடவே வருகிறது. அதையும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டுமா?

வேண்டாம். அம்மா ஓடும், குட்டி அவிழ்த்துவிட்டபடி கூடவே ஓடும், அதுதான் வழக்கம். ஆனால் அடையாளம் பார்க்க, கழுத்தில் போட்ட அடையாளச் சிப்பைச் சரிபார்க்க ஒருவர் பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஹால்ட்டர் (தலைக்கயிறு) போட, காலைத் தூக்க, ஒரு கையை மார்புக்கும் இன்னொன்றைப் பிட்டத்துக்கும் கொடுத்து அணைத்து நிறுத்தப் பிறந்த முதல் வாரத்திலிருந்தே பழக்குங்கள். ஆய்வு நாள் காலையில் முதன்முதலாக ஹால்ட்டர் போட்டால் குட்டி பின்னுக்கு விழுந்து தலையில் அடிபடும், நான் பார்த்திருக்கிறேன்.

ட்ரெய்லரிலும் நாலைந்து முறை சும்மா ஏற்றி இறக்குங்கள். அம்மாவைக் கட்டலாம், குட்டியைக் கட்டவே கூடாது. பின்கதவுக்கு மேலே உள்ள திறப்பை வலை போட்டோ, பலகை வைத்தோ முழுக்க மூடிவிடுங்கள், குட்டி எம்பிக் குதித்துவிடும்.

குளம்பு எப்போது சீவ வேண்டும்? கொஞ்சம் சதை போடட்டுமா?

ஒரு வாரம் பத்து நாள் முன்னால் சீவுங்கள். முந்தின நாள் சீவிக் காலைக் கூசவைத்து நொண்டவிட்டால் எல்லாம் வீண். குட்டிக்கும் குளம்பு பார்ப்பவரைக் கூப்பிடுங்கள், ஒரு மாதத்திலிருந்தே பார்க்கலாம். சதை விஷயத்தில், விலா கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையை வைத்துத் தடவினால் தட்டுப்பட வேண்டும். பால் கொடுக்கிற குதிரை இளைத்திருப்பது நடுவர்களுக்கும் புரியும்.

என்ன உடை, என்ன அலங்காரம்?

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், ஓடுவதற்கு ஏற்ற ஷூ. குதிரைக்குக் கடிவாளம், பின்னிய பிடரி, இரு பக்கமும் எண். காலில் பட்டை எதுவும் சுற்றக் கூடாது. குட்டிக்குப் பின்னல் வேண்டாம். அவ்வளவுதான்.

டபிள்யூ.எஃப்.எஃப்.எஸ். சோதனை செய்துவிடச் சொல்கிறார்கள். என் குதிரை நன்றாகத்தானே இருக்கிறது?

டபிள்யூ.எஃப்.எஃப்.எஸ். என்பது வாம்ப்ளட் குட்டிகளின் தோல் எளிதில் கிழிந்துபோகும் ஒரு பரம்பரை நோய். நன்றாக இருக்கிற குதிரைக்குத்தான் இந்தச் சோதனை. ஒரு குறை மரபணுவைச் சுமக்கிற குதிரைக்கு ஒன்றும் ஆகாது, வாழ்நாள் முழுக்கத் தெரியவும் தெரியாது. சுமக்கிற இரண்டு குதிரைகள் சேர்ந்தால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டிக்கு இரண்டு பக்கமிருந்தும் அது வந்துவிடும். அப்படிப்பட்ட கரு கலையலாம். பிறந்தாலும் தோல் ஈரத் தாள் மாதிரி கிழியும், பிழைக்காது. 2013 முதல் சோதனை இருக்கிறது, வேரோடு பிடுங்கிய கொஞ்சம் மயிர் போதும். தயவுசெய்து செய்யுங்கள். சுமக்கிற குதிரை என்று வந்தாலும் ஒதுக்க வேண்டாம், சுமக்காத பொலிகுதிரையாகப் பார்த்துச் சேருங்கள்.

குட்டிக்குச் சூடு போடுவார்களா? பயமாக இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 ஜூலை முதல் பதிவாகிற குட்டிகளுக்குச் சிப் கட்டாயம், கழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு ஊசி, முடிந்தது. ஜெர்மனியில் தொடையில் சூட்டு முத்திரை வேண்டுமானால், 2019 முதல் மரத்துப்போக மருந்து கொடுத்த பிறகே போடலாம். சிப் போதும் என்பது என் எண்ணம்.

குட்டிக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. ஹனோவேரியனில் அப்பாவின் பெயர் தொடங்கும் ஆங்கில எழுத்திலேயே குட்டியின் பெயரும் தொடங்க வேண்டும், டிராகேனரில் அம்மாவின் எழுத்து. அப்பாவுக்கு ‘வி’ என்றால் வைகை வைக்கலாம். எனக்கு ரொம்ப நாள் ஆசை, அந்த எழுத்தில் பொலிகுதிரை இன்னும் அமையவில்லை.

என் மகளுக்கு 14 வயது, அவளே ஓட ஆசைப்படுகிறாள். ஆள் வைப்பதா, அவளை விடுவதா?

ட்ராட்டில் குதிரைக்கு ஈடுகொடுத்து நீளமாக அடி வைத்து ஓட முடியுமா என்று வீட்டில் பாருங்கள். பத்து எட்டு ஓடியதும் அவள் பின்தங்கி வாரில் தொங்கினால், குதிரை அவள் பக்கமாகக் கழுத்தை வளைத்துக் கோணலாகப் போகும். அப்போது பழகிய ஓட்டக்காரரை வைத்துக்கொள்ளுங்கள், முந்தின நாளே அவர் குதிரையோடு ஒரு அரைமணி இருக்கட்டும். நிறுத்திக் காட்டுவதற்கு முன் துடைத்துவிடுவது, குட்டியைப் பிடிப்பது எல்லாம் மகள் செய்யலாம். அடுத்த வருடம் அவள் கால் இன்னும் நீளும்.

போன வருடம் முன்னங்காலுக்கு 6 தான் போட்டார்கள், மைக்கில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்கள். இன்னும் ஆறவில்லை அக்கா.

புரிகிறது தங்கச்சி. நாம் வளர்த்த பிள்ளையை ஊர் முன்னால் குறை சொன்னால் யாருக்கும் வலிக்கும். ஒரு வேலை செய்யுங்கள், அந்தத் தாளை எடுத்து எதற்கு 6 என்று மறுபடி படியுங்கள். முழங்கால் சற்றுப் பின்வாங்கியதா, குளம்பு வெளியே திரும்பியதா? தாளில் இல்லையென்றால் இந்த முறை ஆய்வு முடிந்ததும் நடுவரிடமே போய்க் கேளுங்கள், பெரும்பாலானோர் நின்று சொல்வார்கள். பிறகு நேரான முன்னங்கால் உள்ள குட்டிகளைத் தருகிற பொலிகுதிரைகள் எவை என்று அவரிடமே பெயர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.